மகளுக்கு லேப்டாப் வாங்கிய வாரம்

செவ்வாய்க்கிழமை பாய் கடையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படிப்பு.

என் வீட்டுக்காரர். லாரி ஓட்டினவர். இப்போது கண் சரியில்லை, ஓட்டுவதில்லை.

எங்கள் மகள். இருபத்தாறு வயது. இடது காலுக்குள் கம்பி, கையில் ஊன்றுகோல்.

என் கொழுந்தன். ஒரு ஓட்டலில் காவல் வேலை. கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லுவார்.

பாய். கடைக்காரர். லிட்டில் இந்தியாவில் காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் பழைய லேப்டாப் விற்கிறார்.

ஐந்து பேருக்கு அந்தக் கடை பத்தாது. மகளுக்கு மட்டும் நாற்காலி. நாங்கள் நின்றோம்.

எதற்குப் போனோம் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் மகள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது ஒரு கார் இடித்தது. அவள் பார்த்தது நின்றுகொண்டே செய்யும் வேலை. இனி அப்படி நிற்க முடியாது. பத்து மாதம் வீட்டில் இருந்தாள். எங்கெங்கோ எழுதிப் போட்டாள். ஒரே ஒரு கம்பெனி பதில் போட்டது. வீட்டில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. தமிழும் மலாயும் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்குத் திரையில் முகம் பார்த்துப் பேசுவார்கள். சொந்த லேப்டாப்பில் வரவேண்டும், போன் கூடாது, முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. அன்றைக்கு வராதவர்களை மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்றும் போட்டிருந்தது.

மகள் அந்தத் தாளை மூன்று தடவை எனக்குப் படித்துக் காட்டினாள்.

என்னிடம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி பணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய அங்காடிக்குப் போனோம். அங்கே எல்லாம் புதுசு. விற்கிற பையன் நன்றாகப் பேசினான். ஐ-த்ரீ என்றான், ஐ-ஃபைவ் என்றான், ரேம் என்றான். ஒன்று இரண்டாயிரத்து முந்நூறு. பக்கத்தில் இருந்தது ஆயிரத்து நூறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். "அது ஸ்டூடண்டுக்கு ஆன்ட்டி, இது ஆபீஸுக்கு" என்றான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆயிரத்து நூறின் திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. திறக்கச் சொன்னது திறக்கவில்லை.

"புதுசே இப்படியா?" என்றார் வீட்டுக்காரர்.

"சீப்பா வாங்குனா இப்படித்தான் அண்ணே" என்றார் கொழுந்தன். "ரேம் பதினாறு இருக்கணும். அதுக்குக் கொறைஞ்சா குப்பை."

"கம்பெனி தாள்ல எட்டுன்னுதான் போட்டிருக்கு சித்தப்பா."

"அவங்க அப்படித்தாம்மா போடுவாங்க. நீ பதினாறு எடு."

ஒருவர் எட்டு. ஒருவர் பதினாறு. எது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பாய் கடையைச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். ஆபீஸ்களில் மூன்று நான்கு வருஷம் ஓடியதை வாங்கி, சுத்தம் செய்து விற்பாராம். பழசு என்றதும் கொழுந்தன் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கூட வந்தார்.

பாய் முதலில் விலை சொல்லவில்லை. "எதுக்கு வாங்குறீங்க?" என்றுதான் கேட்டார். மகள் சொன்னாள். மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். எண்ணூற்று ஐம்பது, ஆயிரத்து நூற்று ஐம்பது, ஆயிரத்து நானூறு.

"இதுல டிஸ்கு எவ்வளவு பாய்?" என்று கொழுந்தன் எண்ணூற்று ஐம்பதைத் தொட்டுக் கேட்டார்.

"ஆயிரம்."

"இதுல?" என்று ஆயிரத்து நூற்று ஐம்பதைக் காட்டினார்.

"இருநூத்தி அம்பத்தாறு. இதுதான் நல்லது."

எனக்குத் தலை சுற்றியது. ஆயிரத்தைவிட இருநூற்று ஐம்பத்தாறு எப்படி நல்லதாகும்? விலையும் கூடுதல். நான் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்த ஆயிரம் உள்ள தட்டு மாரி சுத்தும். பழைய காலத்து சாமான். மெதுவா வரும். கீழ விழுந்தா போச்சு. இது சுத்தாது. பட்டுனு தொறக்கும். உங்க மகளுக்கு சினிமாப் படம் சேத்து வைக்கிற வேலையா? பேசுற வேலை. இது போதும்லா."

"ரேம் எட்டுதானே இருக்கு" என்றார் கொழுந்தன்.

"எட்டு போதும். பத்தலைன்னா பின்னால இன்னொரு எட்டு போடலாம், எடம் இருக்கு. இப்பவே எதுக்கு காசு?"

கொழுந்தன் லேப்டாப்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாததைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, தெரிந்ததைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆயிரத்து நானூறை எடுத்து மூடித் திறந்தேன். இருபது தடவை. இடது பக்கக் கீலில் லேசாக ஆட்டம் இருந்தது. கைக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாது. ஆயிரத்து நூற்று ஐம்பதை எடுத்தேன். அதையும் இருபது தடவை. ஆட்டம் இல்லை. விளக்குக்கு நேரே சாய்த்துத் திரையைப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. எழுத்துக்கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினேன்.

"அக்கா கம்பெனியில வேலையா?"

"செஞ்சேன். குவாலிட்டி செக்கிங்."

"அதான் பாத்தேன். நானும் எத்தனையோ வருஷமா விக்கிறேன். கீலை ஆட்டிப் பாத்து வாங்குன ஆளு நீங்கதான்."

"இது போதும்" என்றேன்.

மகள் அதைத் திறந்து கேமராவைப் போட்டாள். திரையில் ஐந்து முகமும் தெளிவாக வந்தன. வீட்டுக்காரர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். கம்பெனி தாளில் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறதா என்று மகள் படித்துப் பார்த்துச் சரி என்றாள்.

காசை எடுத்தேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்தார்.

"மணி என்ன?"

"மூணே கால்."

"ராகு காலம். நாலரை வரைக்கும் காசைக் குடுக்காதே."

"பா, லேப்டாப்புக்கெல்லாமாப்பா?"

"எந்த வண்டியும் ராகு காலத்துல நான் எடுத்ததில்ல."

"இதுல டயர் இல்லப்பா."

பாய் சிரித்தார். "இருக்கட்டும் தங்கச்சி. நாலரைக்கே குடுங்க." லேப்டாப்பை உள்ளே எடுத்துப் போய் வைத்தார். நாங்கள் கீழே இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். நாலரைக்கு மேலே போனோம். பாய் தொழப் போய்விட்டார். ஐந்து மணிக்கு வந்தார். காசைக் கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் பழுது என்றால் கொண்டு வரலாம் என்று ரெஸிட்டில் எழுதிக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். பொட்டு எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மூடி மேல வைங்கம்மா."

"மூடிகிட்டு இருந்தா எப்படி? வண்டிக்கு முன் கண்ணாடி மேலதான், நடுவுல வைப்போம்" என்றார் வீட்டுக்காரர். "எலுமிச்சம்பழம்?"

"அது மேல லேப்டாப்பை ஏத்தி நசுக்கவாப்பா?"

எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டோம். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்தேன். லேப்டாப்பைத் திறந்து, கண்ணாடிக்கு மேலே, கறுப்பு ஓரத்தில், சரியாக நடுவில் வைத்தேன். அதன்மேல் குங்குமம். சூடம் காட்டினேன். மகள் விழுந்து கும்பிட முடியாது, நின்றபடியே கும்பிட்டாள். பத்து மணிக்குப் பொட்டைத் துணியால் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம், பழகிப் பார்க்கலாம் என்று லேப்டாப்பில் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். அவர் ஓட்டலில் இருந்து போனில் பேசினார்.

"என்னம்மா, குளிச்சிட்டு நேரா வந்துட்டியா? ஒரே ஆவியா இருக்கு."

திரையைப் பார்த்தேன். மகள் முகம் இல்லை. மஞ்சள் புகைக்குள் ஒரு உருவம். விளக்கைப் போட்டோம், இன்னும் மோசம். சன்னல் பக்கம் திருப்பினோம், அதே. இணையத்தால் இருக்கும் என்றார் கொழுந்தன். பிறகு கேமரா போய்விட்டது என்றார். மகள் லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். மேல் ஓரத்தைச் சட்டையால் துடைத்தாள். பக்கத்து வீட்டு இணையத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். புகை போகவில்லை.

"கடையில நல்லாத்தானே தெரிஞ்சிச்சு?" என்றேன்.

வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்.

"நம்மகிட்ட ஒண்ணைக் காட்டிட்டு வேற ஒண்ணைக் குடுத்துட்டான். ஒண்ணே முக்கா மணி நேரம் உள்ளதானே வச்சிருந்தான்."

"நீங்கதான காக்க வச்சீங்க."

"அதான் அவனுக்கு வசதியாப் போச்சு."

பாய் அப்படிச் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் புகை இருந்தது. ரெஸிட்டில் இருந்த நம்பருக்கு மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை.

"பாத்தியா" என்றார் வீட்டுக்காரர்.

மகள் அழவில்லை. தாளை எடுத்து மறுபடி படித்தாள். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடை திறக்கிற நேரத்துக்கே போய்விடலாம் என்று நான் பத்து மணிக்குப் புறப்பட்டு நின்றேன். வீட்டுக்காரர் தாடி மழிக்கப் போனார். வெளியே வரும்போது பத்தரை.

"ராகு காலம்."

"நாங்க ரெண்டு பேரும் போறோம். நீங்க இருங்க."

"வேணாம். அவன்கிட்ட நான்தான் பேசணும்."

அவர் முகத்தைப் பார்த்தால் தடுத்துப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தது. பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். லிப்ட் ஓடவில்லை. எங்கள் வீடு எட்டாவது மாடி. மகள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். லேப்டாப்பை நான் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கீழே வர அரை மணி. பஸ் வர அதைவிட அதிகம். லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது ஒன்றரை.

மேலே போனால் கடை பூட்டு. இரும்புக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. வெள்ளி, பன்னிரண்டரை முதல் இரண்டே முக்கால் வரை தொழுகை. நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேர்காணல் இரண்டரைக்கு.

"ஓடிட்டான்" என்றார் வீட்டுக்காரர். சத்தமாகச் சொன்னார். பக்கத்துத் தையல்கடையில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏமாத்திட்டு ஓடிட்டான்."

"அப்பா, தொழுகைக்குப் போயிருக்காரு. எழுதிதான ஒட்டியிருக்கு."

மகள் படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வீட்டுக்குத் திரும்ப நேரம் இல்லை. எட்டு மாடி இறங்கியவள், ஏறவும் முடியாது. அவளுக்கு மறைத்துப் பேசத் தெரியாது. "அவ்வளவுதான்மா" என்றாள்.

லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தேன். படிக்கட்டுக்கு மேலே ஒரு சின்னச் சன்னல். வெயில் சரிவாக வந்தது. என் கை தானாக அதை வெயிலுக்குச் சாய்த்தது. பத்தொன்பது வருஷம் செய்த காரியம். நேராகப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் சுத்தம்தான். சாய்த்தால்தான் தெரியும்.

கறுப்பு ஓரத்தில், சரியாக நடுவில், ஒரு சின்ன வட்டம் இருந்தது. நான் அதை அழகுக்குப் போட்ட புள்ளி என்று நினைத்திருந்தேன். அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம். சுற்றிச் சுற்றித் துடைத்த கோடு. ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்த துளி.

சந்தனம்.

"கேமரா எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அதான்மா. அந்தப் புள்ளி."

தொழிற்சாலையில் எங்கள் லைனுக்கு வருவது சின்னக் கண்ணாடி. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்ப்போம். கைரேகை, தூசி, படலம், எது இருந்தாலும் ரிஜெக்ட். அது எங்கே போகிறது, எதில் வைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். பெட்டியில் நம்பர் மட்டும் இருக்கும். கடிகாரத்துக்கு என்பார்கள். டாக்டர் கருவிக்கு என்பார்கள். நான் கேட்டதில்லை. வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. இப்போது அது மாதிரி ஒன்று என் மடியில் இருந்தது. அதன்மேல் நானே பொட்டு வைத்திருக்கிறேன்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அப்போது யோசிக்க நேரம் இல்லை. வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி உறையில் துணி இருந்தது. கேட்டேன். கொடுத்தார். வாயால் ஊதினேன். ஒரே பக்கமாக இழுத்தேன். திரும்ப இழுக்கவில்லை. துணியை மடித்து, சுத்தமான இடத்தால் மறுபடி ஒரே பக்கம். துணி முனையை ஊசி மாதிரி முறுக்கி, ஓரத்துத் துளியை எடுத்தேன். ஆறு தடவை இழுத்தேன். சாய்த்தேன். படலம் இல்லை.

"போட்டுப் பாரு."

மகள் போட்டாள். அவள் முகம் வந்தது. நெற்றியில் வியர்வைத் துளிகூடத் தெரிந்தது.

தையல்கடை அம்மாள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தனமா?" என்றார் வீட்டுக்காரர்.

"சந்தனம்."

"நடுவுலன்னு நான்தான சொன்னேன்."

"வச்சது நான்."

மணி இரண்டு. இங்கேயே படியில் உட்கார்ந்து பேசுகிறேன், என் போன் இணையத்தைப் போட்டுக்கொள்கிறேன் என்றாள் மகள். கீழே ஆள் வராமல் அப்பா நிற்கட்டும், மேலே அம்மா நிற்கட்டும் என்றாள். கீழே கடைத்தெருவில் ஒலிபெருக்கியில் பாட்டு. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு பத்துக்குப் பாய் படியேறி வந்தார். தலையில் தொப்பி, கையில் ஒரு பொட்டலம் சோறு.

"என்னக்கா, எல்லாரும் படியில? பழுதா?"

நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"பாய். நீங்க மாத்திக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். சத்தமாவும் சொல்லிட்டேன். அந்தம்மாவுக்குக் கேட்டிருக்கும். தப்பு என் மேல."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. மகள் இரண்டு வரியில் சொன்னாள். சந்தனம், கேமரா, இரண்டரை மணி. பாய் சோற்றுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் தூக்கினார். விளக்கைப் போட்டார். மேசையைச் சுவர்ப்பக்கம் தள்ளினார். இணையத்தின் கடவுச்சொல்லைச் சொன்னார்.

"பின்னால சுவர் வெள்ளையா இருக்கு, நல்லா தெரியும். உக்காரு தங்கச்சி."

பிறகு வெளியே வந்து, கதவை முழுதாக இறக்கிவிட்டு, எங்களோடு படியில் உட்கார்ந்தார். அவர் கடை. அவர் வெளியே.

ஒரு சீன இளைஞன் சார்ஜர் கேட்டு வந்தான். பாய் வாயில் விரல் வைத்து, மூன்று மணிக்கு வா என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

"போன் ஏன் எடுக்கல பாய்?" என்றேன், அதைவிட மெதுவாக.

"எந்த நம்பருக்கு அடிச்சீங்க?"

"ரெஸிட்டுல இருக்கிறது."

"அது பழைய நம்பர்க்கா. மாறி ஆறு மாசம் ஆச்சு. அந்த ரெஸிட் புக்கு முடியட்டும்னு இருக்கேன்."

"பாத்தீங்களா" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஏண்ணே" என்றார் பாய், "கண்ணுமேல பொட்டு வச்சா அது எப்படிண்ணே பாக்கும்?"

"லாரிக்கு ஒண்ணும் ஆகல பாய்."

பாய் வாயைப் பொத்திச் சிரித்தார். தோள் குலுங்கியது. வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுக்குப் பின்னால் மகள் குரல் கேட்டது. மலாயில் பேசினாள். பிறகு தமிழில். என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. ஒரு இடத்தில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பொட்டலம் என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு உள்ளிருந்து கதவைத் தட்டினாள். பாய் தூக்கினார்.

"சொல்லி அனுப்புறேன்னாங்க" என்றாள்.

அது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

"முகம் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சுமா. முதல்ல அதான் சொன்னாங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போகக் கொழுந்தன் நண்பருடைய காரைக் கேட்டு வாங்கி வந்தார். லிப்ட் ஓடியது. அடுத்த புதன்கிழமை வரை ஒரு செய்தியும் இல்லை. நான் தினமும் அந்த லேப்டாப்பைத் துணியால் மூடி வைத்தேன். மகள் எடுத்துவிடுவாள். வியாழக்கிழமை காலை அவள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன். போதும்.

ஒரு வாரம் பழக்கினார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் வானொலியைப் போடவில்லை. நான் மிளகாய் தாளிக்கவில்லை, தும்மல் கேட்கும் என்று.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. பேசிப் பேசி மகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. தொழிற்சாலையில் வேலை முடியும்போது சூப்பர்வைசர் எங்களிடம் ஒன்றுதான் கேட்பாள். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதையே கேட்டேன்.

"இன்னிக்கு எத்தனை?"

அவள் திரும்பி, பேசிய ஆட்களின் கணக்கைத் திரையில் பார்த்தாள்.

நாற்பத்தொன்று.